நறுவிலி செய்த சத்தியம்

அம்மா தேர்தலில் நின்றதற்குக் கட்சி காரணமில்லை, கொள்கை காரணமில்லை. ஒரு பனங்குத்திதான் காரணம்.

எங்கள் நாலாம் வாய்க்கால் குடியேற்றத்தில் வீடுகள் எல்லாம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். கோயில், கடை, பள்ளிக்கூடம், மல்லாவி பஸ் நிற்கிற சந்தி எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகக் கிடந்தது அந்தப் பனைமரக் குத்தி. யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த புதிதில் தற்காலிகமாகப் போட்டது. தற்காலிகம் என்ற சொல்லுக்கு எங்கள் பகுதியில் என்ன பொருள் என்று அறிய விரும்புகிறவர்கள் அதை வந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் பாசி, மறுபக்கம் காலில் ஏறுகிற சிலாகை. எங்கள் வட்டாரத்தில் அதிலிருந்து விழாத பெண் இல்லை. ஆண்கள் விழுவதில்லை. அவர்கள் சைக்கிளில் சுற்றுவழியால் மதகுக்குப் போய் வருவார்கள். தலையில் சுமை உள்ளவளுக்குத்தான் குறுக்குவழி தேவைப்படும்.

கோயில் பொங்கலன்று அம்மா கூறைச்சேலை உடுத்து, தலையில் மோதகப் பெட்டியோடு குத்தியில் ஏறினார். பாதித் தூரம் போனார். மிச்சப் பாதிக்குக் குத்தி ஒத்துழைக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் அம்மா எழும்பி நின்றபோது பெட்டி மட்டும் மிதந்து போய்க்கொண்டிருந்தது. மோதகம் மிதக்காது என்பது எல்லாருக்கும் அன்றுதான் தெரிந்தது.

அக்கரையில் நின்றவர் அப்புத்துரையர். எங்கள் வட்டாரத்து உறுப்பினர், கிராமசபையின் சேர்மன். மூன்று தேர்தலாக அதே இடத்தில் பாலம் கட்டித் தருவதாகச் சொல்லி வென்றவர். அவர் கையைக் கொடுத்துத் தூக்கியிருக்கலாம். அதற்குப் பதிலாகச் சனத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"பொம்பிளையளுக்கு நடக்கத் தெரியேல்லை எண்டு கவுண்மேந்து பாலம் கட்டுமே?"

சனம் சிரித்தது. சிரித்ததில் ஐயாவும் ஒருவர். ஐயா என்றால் என் தகப்பன் ஏரம்பு. அவருக்கும் சேர்மனுக்கும் முன்னூற்றுநாலு என்கிற சீட்டாட்டத்தில் சோடி. வேறு ஊர்களில் அரசியல் கூட்டணி என்பார்களே, அதைவிட இறுக்கமான உறவு அது. அம்மா கரையேறி, சேலையைப் பிழிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர் நியமனப் பத்திரம் கேட்ட நாளில் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்துதான் எங்களுக்கே சொன்னார். இரஞ்சிதம் ஏரம்பு, சின்னம் குடை.

ஐயா அன்று சோறு தின்னவில்லை. பெண்சாதிக்கு எதிராக நிற்பவன் தன்னுடைய கடதாசிச் சோடி என்றால் ஒரு மனுசன் எந்தப் பக்கம் துருப்புச் சொல்லுவான் என்று என்னைக் கேட்டார். அம்மாவின் பக்கம் என்றேன். "நீ படிச்சனி, உனக்கு விளங்காது" என்றார்.

படித்தது உண்மை. கொழும்பில் தாவரவியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள், அதுவும் பெண். சிங்களப் பரீட்சை எழுதினால் உடனே உத்தியோகம் என்றார்கள். எழுதமாட்டேன் என்று திரும்பி வந்து வீட்டில் இருந்தேன். ஊரில் என்னைப் 'படிச்ச பிள்ளை' என்பார்கள், 'பாம்பு கடிச்ச பிள்ளை' என்கிற அதே இரக்கத்தோடு. படித்த படிப்பால் அந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே இலாபம் வாய்க்கால் கரையில் நிற்கிறவற்றின் உறவுமுறை தெரிந்ததுதான். நறுவிலியும் தேள்கொடுக்கும் செருப்படையும் கவிழ்தும்பையும் ஒரே குடும்பம். பொராஜினேசே என்று பெயர். இங்கிலாந்தில் இந்தக் குடும்பத்தில் அழகான நீலப் பூ ஒன்று உண்டாம், அதை மதுவில் மிதக்கவிட்டுக் குடிப்பார்களாம். எங்களுக்கு வாய்த்த கிளை வேறு. தேள்கொடுக்கு பூங்கதிரை வால் மாதிரிச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாது. செருப்படை மிதிக்க மிதிக்க நிலத்தோடு நிலமாகக் கிடக்கும். கவிழ்தும்பை பூத்த பிறகும் தலை நிமிராது. எங்கள் வட்டாரத்து வாக்காளர் பெயர் இடாப்பை வாசித்தமாதிரி இருக்கும் எனக்கு.

நறுவிலி மட்டும் ஒட்டும்.

தேர்தல் வேலை தொடங்கியதும் எனக்கு முதலில் விளங்கியது அம்மா ஏற்கெனவே தோற்றுவிட்டார் என்பது. வாக்கு இரகசியம் என்று சட்டம் சொல்லுகிறது. சேர்மன் அந்தச் சட்டத்தை மதித்து நடப்பவர். வாக்குச்சாவடிக்குள் எட்டியும் பார்க்கமாட்டார். அதற்குத் தேவையும் இல்லை. ஒவ்வொரு முறையும் தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வட்டாரத்துச் சனத்தைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூப்பிடுவார். தட்டத்தில் வெற்றிலை, வெற்றிலையில் எரிகிற கற்பூரம். ஒவ்வொருவராக வந்து, "என்ரை வாக்குச் சேர்மனுக்கு" என்று சொல்லி உள்ளங்கையால் கற்பூரத்தை அணைக்க வேண்டும். அவ்வளவுதான். கற்பூரம் அணைத்தவன் மாறிப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஊரில் நிறையக் கதை உண்டு. ஒருவனுக்குக் கை சூம்பியது, ஒருவனுடைய எருமை இரட்டைத் தலைக் கன்று போட்டது. ஒருவன் பூநகரிக்குப் போன பஸ்ஸில் ஏறியவன் இன்னும் இறங்கவில்லை.

நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், இது சட்டவிரோதம், இப்படி வாங்கின சத்தியம் செல்லாது என்று. எல்லாரும் தேத்தண்ணி தந்தார்கள். பாலம் வேண்டாமா என்று கேட்டால் வேண்டும் என்றார்கள். அம்மாவுக்குப் போட விருப்பமா என்றால் அதுவும் விருப்பம்தான். பக்கத்துக் காணி அன்னப்பிள்ளை மாமி வாய்க்காலுக்குள் விழுந்து முன்பல்லுப் போனவர். அவரே சொன்னார், "சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான் பிள்ளை. சட்டம் கொழும்பிலை. பிள்ளையார் இஞ்சை இருக்கிறார்."

வெள்ளிக்கிழமைக்கு வராமல் விடலாமே என்றேன். வராவிட்டால் சேர்மன் கவனிப்பாராம். எனக்கு வந்த கோபத்தில் மாமியின் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். மாமி அதை ஆட்டுக்கு ஊற்றியிருப்பார்.

பயப்படாத ஆள் ஒருத்தி இருந்தாள், புனிதம். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. புருசன் ஸ்ரீபன் கரையிலிருந்து மீன் கொண்டுவர, அவள் சந்தியில் கருவாடு விற்பாள். வீடு எங்கள் வட்டாரத்தில். மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரருக்குக் கற்பூரம் பொருந்தாது என்று சேர்மன் அவளுக்கு மட்டும் போன தேர்தலில் மெழுகுதிரி கொளுத்திச் சத்தியம் வாங்கியிருந்தார்.

"பிறகு ஆருக்குப் போட்டனீர்?" என்று கேட்டேன்.

"மாதாவுக்கு முன்னாலை கொளுத்தினால் மன்றாட்டு," என்றாள் புனிதம். "சேர்மனுக்கு முன்னாலை கொளுத்தினால் வெளிச்சம்தானே."

இந்த ஒரு வாக்கோடு நாங்கள் நோட்டீஸ் ஒட்டப் புறப்பட்டோம். சேர்மனின் நோட்டீஸ்கள் யாழ்ப்பாணத்தில் அச்சடித்தவை. அவருடைய முகம், தலைப்பா, மீசை எல்லாம் துப்புரவாக விழுந்திருந்தது. ஆனால் அமெரிக்கன் கோதுமை மாவைப் பசையாகக் காய்ச்சி ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஊர் மாடுகளுக்கு அமெரிக்கன் மா என்றால் உயிர். விடிவதற்குள் சேர்மனை ஒவ்வொரு வேலியிலும் நக்கித் தின்றுவிட்டன. மதகடியில் மிஞ்சிய ஒரு மீசையை அவருடைய சொந்தப் பசுவே வந்து முடித்தது. அதை நான் என் கண்ணால் கண்டேன். அந்தப் பசுவில் எனக்கு அன்றிலிருந்து நல்ல மரியாதை.

எங்களுடையவை சீமெந்துப் பையை வெட்டி நான் கரியால் குடை கீறினவை. அம்மாவிடம் பசைக்கு மாக் கேட்டேன். மா ரொட்டிக்கு, சுவருக்கு இல்லை என்றார். அப்போதுதான் நறுவிலி ஞாபகம் வந்தது. சோழகக் காற்றுப் பெயர்ந்த காலம். கோயிலுக்குப் பின்னால், வாய்க்கால் கரையில், கிழட்டு நறுவிலி மரம் குலை குலையாகப் பழுத்து நின்றது. பிள்ளைகள் மூக்குச்சளிப் பழம் என்பார்கள். சரியான விவரணம். ஒரு பழத்தை நசித்தால் உள்ளே இருக்கிற சளி கொட்டையை விடாது, கொட்டை சளியை விடாது, இரண்டும் உங்களை விடா. காய்ந்தால் தோல்போலப் படியும். போனது என்று நினைத்துத் தண்ணீரில் கழுவினால் திரும்பவும் ஊறி உயிர்பிடித்து எழும்பும்.

வியாழக்கிழமை பின்னேரம் அம்மாவும் நானும் மரத்தடியில் பெரிய சட்டி ஒன்றை வைத்துப் பழம் பிழிந்தோம். கடைக்கும் கோயிலுக்கும் வந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து குந்தினார்கள். வாக்குப் போட முடியாவிட்டாலும் பசையாவது பிழிந்து தருவோம் என்ற நல்ல மனம். சேர்மனின் பெண்சாதி கமலாசனி அக்காகூட வந்து எட்ட நின்று பார்த்தார். பிழியவில்லை, ஆனால் போகவும் இல்லை.

இதைச் சேர்மன் சந்தியிலிருந்து கண்டார். வட்டாரத்துப் பெண்கள் எல்லாம் எதிராளியின் சட்டியைச் சுற்றி இருக்கிறார்கள். வெறும் ஆளாக இருந்தால் கலைத்துவிட்டிருப்பான். அவர் அரசியல்வாதி. எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், கோயிலும் பக்கத்தில் இருக்கிறது, நாளைக்கு என்ன, இன்றைக்கே முடித்தால் போச்சு என்று நினைத்தார். கோயில் மணியை அடிக்கச் சொன்னார். வயலில் நின்ற ஆண்களும் வந்து சேர்ந்தார்கள்.

நாளைக்குள் இன்னும் நாலு வீட்டையாவது மாற்றிவிடலாம் என்றிருந்தேன். அம்மா கையைச் சேலையில் துடைத்தார், சேலை கையோடு வந்தது. "வா, பாப்பம்," என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் திரும்பவும் வாய்க்காலுக்குள் நிற்பதுபோல இருந்தது.

கோயில் பூசாரியார் வீரகத்தி தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். முதலில் ஆண்கள். வயல்வேலைக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்து அணைத்தார்கள். ஐயாவின் முறை வந்தது. ஐயா தட்டத்தைப் பார்த்தார், சேர்மனைப் பார்த்தார், அம்மா இருந்த பக்கம் பார்க்கவேயில்லை. வயிற்றுக்குள் குத்துகிறது என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனார். சேர்மன் சிரித்துக்கொண்டு, ஏரம்பண்ணை ஆறுதலாக வரட்டும் என்றார்.

பிறகு பெண்கள். வழக்கமாக முதலில் வருகிறவர் கமலாசனி அக்கா. அன்று அவர், நீங்கள் மூத்தவா, முதல் போங்கோ என்று அன்னப்பிள்ளை மாமியை முன்னால் விட்டார். மாமி தட்டத்தடிக்குப் போய், போன பல்லின் இடைவெளியால், "என்ரை வாக்குச் சேர்மனுக்கு" என்று காற்றாகச் சொல்லிக் கையைக் கற்பூரத்தில் வைத்தார். சுர்ரென்று ஒரு சத்தம். நெருப்பு அணைந்தது. மாமி கையை எடுத்தார். கற்பூரமும் வந்தது. வெற்றிலையும் வந்தது. கையை ஒரு உதறு உதறினார், தட்டமும் வரப் பார்த்தது.

சனம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. மாமி மற்றக் கையால் வெற்றிலையைப் பிடுங்கினார், வெற்றிலை அந்தக் கைக்கு மாறியது. பூசாரியார் உதவிக்கு வந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரு வெற்றிலையோடு கைபிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால் கலியாணச் சடங்கு மாதிரி இருந்தது. மாமிக்கு எரியவேயில்லையாம். அதுதான் அவருக்கு ஆச்சரியம். ஒவ்வொரு முறையும் ஒரு சூடு தெரியும், இந்த முறை ஒன்றும் தெரியவில்லை என்று பூசாரியாரைப் பார்த்துச் சொன்னார்.

பூசாரியார் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூசைக்குத் தண்ணீர்க்குடம், பொங்கல் பானை எல்லாம் தலையில் சுமந்துகொண்டு அந்தக் குத்தியால் வருகிற ஒரே ஆண் அவர்தான். எத்தனை பானை போனது என்று பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

"பிள்ளை, இஞ்சை ஒருக்கா வா," என்று என்னைக் கூப்பிட்டார். "நீ மரஞ்செடி படிச்சனி. இதைப் பாத்துச் சொல்லு. இப்ப நெருப்பிலை தொட்டது மாமியின்ரை கையோ, நறுவிலியோ?"

என் பட்டத்துக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் உத்தியோகம் இது. கொழும்பில் மூன்று வருசம் தின்ற ஹொஸ்டல் சோறு செமிக்கத் தொடங்கியது. கையைப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பினேன். நகத்தால் ஒரு பக்கம் கிளப்பினேன், கண்ணாடித் தாள் மாதிரித் தோல் எழும்பியது. அதன் மேல் பக்கம் கருகல், கீழ்ப் பக்கம் மாமியின் கை, சுகமாக.

"நறுவிலி," என்றேன். "இது பழத்தின்ரை சதை. கையிலை நெருப்புப் படேல்லை."

சட்டம் பேசியபோது ஒருவரும் கேட்கவில்லை. சளி பேசியபோது முழுக் கோயிலும் கேட்டது. எனக்கு அதிலும் கோபம்தான். ஆனால் பூசாரியார் தலையை ஆட்டினார். கை தொட்டால்தான் சத்தியம் என்பது பரம்பரை முறை, கையுறை போட்டவன் செய்தது சத்தியமாகாது என்றார். எங்கள் ஊரில் கையுறையை ஒருவரும் கண்டதில்லை. அவரும் கண்டிருக்கமாட்டார்.

சேர்மனுக்கு முகம் கறுத்தது. "அப்ப எனக்கு இப்ப ஆர் சத்தியம் பண்ணினது? நறுவிலியோ?"

"ஓம்," என்றார் பூசாரியார் அமைதியாக. "நறுவிலி உங்களுக்குத்தான் போடும்."

அதற்குமேல் சிரிப்பை அடக்க ஒருவராலும் முடியவில்லை. சேர்மன் விடவில்லை. எல்லாரும் கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்றார். பெண்கள் ஒழுங்காக இறங்கி வாய்க்காலில் கழுவினார்கள். காய்ந்து கிடந்த நறுவிலி தண்ணீர் கண்டதும் புத்துயிர் பெற்று விரலுக்கு விரல் நூல் விட்டது. மண் போட்டுத் தேய்த்தவர்களுக்கு மண்ணும் ஒட்டியது. அப்படியென்றால் இடக்கையால் அணையுங்கள் என்றார் சேர்மன். பூசாரியார் காதைப் பொத்தினார். பிள்ளையாருக்கு இடக்கையோ, சொன்ன வாயைக் கழுவுங்கள் என்றார்.

இதற்குள் ஒன்று நடந்தது. வரிசையில் நின்ற பெண்களில் எல்லாரும் பழம் பிழிந்தவர்கள் இல்லை. சிலருடைய கை சுத்தம். அந்தச் சுத்தக் கைகள் ஒவ்வொன்றாக வரிசையிலிருந்து நழுவிக் கோயிலுக்குப் பின்னால் போயின. ஒருத்தி பிள்ளைக்கு மூக்குச் சிந்தப் போனாள், ஒருத்தி ஆடு கத்துகிறது என்று போனாள், ஒருத்தி காரணமே சொல்லாமல் போனாள். திரும்பி வந்தபோது எல்லாருக்கும் கை பளபளத்தது. ஒவ்வொருத்தியும் முறைப்படி வந்து, முறைப்படி சொல்லி, முறைப்படி அணைத்து, கற்பூரத்தைக் கையோடு கொண்டுபோனாள். பூசாரியாரிடம் கற்பூரம் முடியப் பார்த்தது. நான் வரிசையில் இல்லை, வயது வந்த வாக்காளராக இருந்தும் சேர்மன் என்னைக் கூப்பிடவில்லை. என்னிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியாகக் கமலாசனி அக்கா. அவரும் பின்னாலிருந்துதான் வந்தார். அக்கா முகம் மாறாத மனுசி, கவிழ்தும்பை மாதிரிக் குனிந்த தலை. நான் ஊருக்கு வந்த நாள் தொடக்கம் அவர் குரலைக் கேட்டது குறைவு.

சேர்மன் நம்பிக்கையோடு, "நீர் எங்கை போனனீர்?" என்றார்.

அக்கா கையை நீட்டிக் காட்டினார். நறுவிலி மணிக்கட்டால் வடிந்தது.

"எனக்கும் அந்தக் குத்திதானப்பா பாதை," என்றார். "நீங்கள் வண்டிலிலை போறனீங்கள்."

அப்புத்துரையர் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பார்க்கப் பாவமாக இருந்தது என்று பிறகு பலர் சொன்னார்கள். எனக்கு இருக்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று சனம் கலையப் போனபோது ஐயா வந்தார். வயிற்றுக்குத்துக்காரர் நேராகத் தட்டத்தடிக்கு வந்து, கடைசிக் கற்பூரத்தைக் கொளுத்துங்கோ என்றார். சேர்மனுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. சோடி சோடிதான் என்று நினைத்திருப்பார். ஐயா சட்டைக்கையை மடித்தார். இரண்டு கையும் முழங்கை வரை நறுவிலி. சட்டியை அடிவரைக்கும் வழித்திருக்கிறார். இரண்டு கையாலும் கற்பூரத்தை அமத்தினார். பிறகு கையைப் பிரிக்க முடியாமல் கும்பிட்டபடி நின்றார். பிள்ளையாருக்குக் கும்பிட்டாரா, சேர்மனுக்கா, அம்மாவுக்கா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திராது.

அம்மா கிட்ட வந்து பார்த்தார்.

"இந்தக் கையோடை என்ரை அடுப்படிக்குள்ளை வராதேங்கோ," என்றார்.

அவர்களுக்குள் சமாதானம் அப்படித்தான் நடந்தது.

மறுநாள் காலையிலேயே சத்தியம் பண்ணின ஆண்கள் சிலர் பூசாரியாரிடம் தனித்தனியாக வந்தார்கள். பிறகு நறுவிலி பூசினால் முந்திச் செய்த சத்தியம் அழியுமா என்று கேட்டார்களாம். அழியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நோட்டீஸ் ஒட்ட எங்களுக்குப் பசை மிஞ்சவில்லை. ஒட்டவும் இல்லை. நறுவிலியின் கதை நோட்டீஸைவிட வேகமாகப் போனது. புளியங்குளத்துச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற யாரோ அதை எனக்கே சொன்னார்கள், அதில் நான் கண்ணாடி போட்ட ஒரு கிழவி.

சேர்மன் சும்மா இருக்கவில்லை. அன்று மத்தியானமே அவருடைய கொட்டிலிலிருந்து வண்டில் வண்டிலாகச் சீமெந்து இறங்கியது. பாலத்துக்கென்று எப்போதோ வந்து, காலம் பார்த்துக்கொண்டு கிடந்த சீமெந்து. சில பைகள் கல்லாகிவிட்டிருந்தன. மேசன்மார் வந்தார்கள், கம்பி வந்தது, வாய்க்காலை மறித்தார்கள். இரவு பகலாக நின்று அப்புத்துரையரே தண்ணீர் ஊற்றினார். மூன்று தேர்தலாகக் கட்ட முடியாத பாலம் வாக்களிப்பு நாளுக்கு முன் எழும்பி நின்றது. கொஞ்சம் சரிவு, ஒரு பக்கம் கைபிடி இல்லை, ஆனால் பாலம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நாங்கள் கேட்டதை அவர் கட்டிவிட்டார். இனி என்ன சொல்லி வாக்குக் கேட்பது? பெண்களுக்கு நன்றிக்கடன் என்று ஒரு வியாதி உண்டு, எல்லாரும் அவருக்கே போட்டுவிடுவார்கள் என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல், எனக்குப் பாலம்தானே தேவை, அது வந்திட்டுது, போடுறவை போடட்டும் என்றார். தேர்தலில் நிற்கிற ஆள் கதைக்கிற கதையா இது? நான் கத்தினேன். அரிசித் தண்ணியை மாட்டுக்கு வை என்றார்.

முடிவை ஒளித்துவைத்துக் கதை சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அம்மா வென்றார், நல்ல வித்தியாசத்தில்.

ஆனால் வாக்களிப்பு அன்று காலை அது ஒருவருக்கும் தெரியாது. சேர்மன் விடியவே பட்டு வேட்டியோடு பாலத்தின் நடுவில் வந்து நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணையும் கும்பிட்டு, பாத்து வாங்கோ, ஓரத்திலை சீமெந்து இன்னும் ஈரம் என்று சொன்னார். புனிதம் கருவாட்டுக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, நல்ல பாலம் சேர்மன், மாதா உங்களை ஆசீர்வதிப்பா என்று போனாள். அன்னப்பிள்ளை மாமி கைபிடியைத் தட்டிப் பார்த்து, கெட்டி என்று போனார். அம்மா தலையில் ஒன்றும் இல்லாமல், கையை வீசிக்கொண்டு போனார். அவருக்கும் சேர்மன் கும்பிட்டார், பழக்கத்தில். எல்லாரும் பதிலுக்குக் கும்பிட்டார்கள். எல்லாரும் அவருடைய பாலத்தால் கால் நனையாமல் நடந்து போய் அம்மாவுக்குப் போட்டார்கள்.

கடைசியாகக் கமலாசனி அக்கா வந்தார். தலையில் சேர்மனுக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பெட்டி, கையில் தேத்தண்ணிச் செம்பு. பாலத்தில் இரண்டு பேர் போக இடம் காணாது. சேர்மன் அவரையும் கும்பிடக் கை எடுத்தார்.

"இஞ்சாருங்கோ," என்றார் அக்கா, "கொஞ்சம் ஓரமா அரக்கி நில்லுங்கோ. நான் வாக்குப் போட்டிட்டு வந்து சாப்பாடு தாறன்."

அப்புத்துரையர் அரக்கினார், ஈரச் சீமெந்துப் பக்கமாக.